விளை ஓலை

ஓசூர்
8.7.2024

அன்புத் தம்பி தேவபிரசாதத்துக்கு,

தோத்திரம். ஆண்டவர் கிருபையால் ஜெனிலாவும் மருமகன் ஜெஃப்ரியும் நானும் இங்கே நலம். நீயும் செல்வராணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது? கடைசியாகப் பார்த்த எண்ணை எழுது. 'பரவாயில்லை' என்று எழுதாதே.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று சிரிப்பாய். தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் கோப்பு பார்த்தவள் நான். வாயால் சொன்னதற்கு அங்கே மதிப்புக் கிடையாது. அப்பாவுக்குப் பிறகு பாகம் பிரித்தபோது போனில் பேசிப் பேசித்தான் நீயும் நானும் ஒன்றரை வருஷம் முகம் பார்க்காமல் இருந்தோம். அதனால் இந்தக் காரியம் முழுக்க எழுத்தில் இருக்கட்டும்.

காரியம் இதுதான். நான் ஊருக்கே வந்துவிடுகிறேன். அத்தான் போன பிறகு மூன்று வருஷம் மகள் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருந்தாயிற்று. ஜெனிலா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் ஒரு ஆணி அடிப்பதென்றால்கூட மகளிடம் கேட்டுத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. எனக்கென்று ஒரு வாசற்படி வேண்டும், தம்பி. சாகிறவரைக்கும் யாரிடமும் கேட்காமல் கதவைத் திறந்து மூட வேண்டும். கீழவிளையில் என் பங்கு நாற்பது சென்டில் இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் போதும். பவுல் மேஸ்திரியிடம் பேசு. சர்வேயரை வைத்து அளந்து கல் ஊன்று. பேரூராட்சியில் பிளான் அனுமதி வாங்குவது உனக்குப் பெரிய வேலையா? ஒன்பதாவது வார்டு கவுன்சிலரே நீதானே. தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும்.

இன்னொன்று. கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது போல, சபையார் யாராவது நிலம் விற்றால் நம் கோயிலில் மூன்று ஞாயிறு விளை ஓலை வாசிப்பார்களே, பங்காளிகளுக்குத் தடை இருந்தால் எழுந்து சொல்லலாம் என்று. அந்த வழக்கம் இன்னும் இருக்கிறதா? நம் விளைக்குப் பக்கத்தில் யாராவது விற்றார்களா? எனக்கு அக்கம்பக்கம் யார் என்று தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
ஞானபாய்

*

தேரிவிளை
29.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். இங்கே நானும் செல்வராணியும் சுகம். சென்னையில் ஜெபினும் சுகமாக இருப்பதாகப் போன் பண்ணினான். சர்க்கரை நூற்றெண்பத்திரண்டு. நீ கேட்டதால் எழுதிவிட்டேன், இதற்கு ஒரு கடிதம் திட்டி எழுதாதே. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ ஊருக்கு வருவது எனக்குச் சந்தோஷம். செல்வராணிக்கு இன்னும் சந்தோஷம். நேற்றுப் பெரியதாழையிலிருந்து நல்ல சீலா மீன் வந்தது. 'அக்கா இருந்தா தலையக் கொழம்பு வச்சிருப்பாவ' என்று சொன்னாள்.

ஆனால் வீட்டுக்கு அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. பவுல் மேஸ்திரிக்குச் சாயர்புரத்தில் பெரிய வேலை இருக்கிறது. மழை வேறு முன்கூட்டியே பிடிக்கும் என்கிறார்கள். கோயில் அசன விருந்து முடியும்வரை எனக்கும் நிற்க நேரமில்லை. கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்க்கிறது. சிமெண்ட் விலையும் இறங்கட்டும். பேரூராட்சியில் இப்போது மாதத்துக்கு இரண்டு, மூன்று கூட்டம். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் முடிகிறது.

விளை ஓலை வழக்கம் இருக்கிறது. சபைச் செயலர் என்ற முறையில் நான்தான் வாசிக்கிறேன். இந்த வருஷம் இரண்டு வாசித்தேன். இரண்டும் ஊருக்கு வடக்கே. கீழவிளைப் பக்கம் எதுவும் வாசிக்கவில்லை.

ஜெனிலாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பைச் சொல்லவும்.

அன்புத் தம்பி,
தேவபிரசாதம்

*

ஓசூர்
12.8.2024

அன்புத் தம்பிக்கு,

தோத்திரம். இங்கே சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்ப ஆசைதான்.

நான் ஒரு வீடு கேட்டேன். நீ ஐந்து காரணம் சொல்லியிருக்கிறாய். மேஸ்திரி, மழை, அசனம், உவர்த் தண்ணீர், சிமெண்ட். உண்மையான காரணம் கையில் இருக்கிறவன் ஒன்றுதான் சொல்வான். ஐந்து சொல்கிறவனிடம் ஆறாவதாக ஒன்று இருக்கும். அது என்ன?

பேரூராட்சி அலுவலகத்துக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கிற இசக்கியப்பன் அண்ணாச்சி போன வாரம் தானாகவே போன் பண்ணினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என்னமோ நடக்கும்மா. கூட்டம்னா முன்னெல்லாம் நாங்க சன்னல் வழியாவே பாப்போம். இப்பம் கதவையும் சன்னலையும் அடச்சிட்டு உக்காந்திருக்காவ. டீ கொண்டு போனா வாசல்லயே வாங்கிட்டுக் கதவச் சாத்துதாவ. மூணு மட்டம் ஆச்சி. ஒங்க தம்பி வெளிய வரும்போது மொகத்தத் தொடச்சிக்கிட்டே வாராவ." அந்த அறைக்குள் நிலம் வாங்குகிற பேச்சு நடக்கிறது என்றும், எந்த நிலம் என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றும் சொன்னார்.

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் முத்துச் சிப்பியைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விட்டார்களாம். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று எடுத்தவன் வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். நம் பேரூராட்சியிலும் இப்போது அந்த ஏலம்தான் போலிருக்கிறது. மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. டீயைக்கூட வாசலில் வாங்குகிறவர்கள் மடியில் என்ன இருக்கிறது?

இப்படிக்கு,
ஞானபாய்

*

தேரிவிளை
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். செல்வராணிக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடப்பது உண்மைதான். மறைக்கவில்லை. பேரூராட்சி ஒரு பொதுக் காரியத்துக்கு இடம் வாங்கப் போகிறது. எந்த இடம் என்று வெளியே தெரிந்தால் புரோக்கர்கள் முந்திக்கொள்வார்கள், விலை ஏறிவிடும், ஊர்ப்பணம் நஷ்டமாகும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இதில் தப்பு ஒன்றும் இல்லையே.

முதல் கூட்டத்தில் உட்கார்ந்ததுமே தலைவர் எங்கள் பதினைந்து பேரையும் சத்தியம் பண்ணச் சொன்னார். மற்ற ஒன்பது பேர் சூடம் அடித்துச் சத்தியம் பண்ணினார்கள். நாங்கள் ஆறு பேர் வேதத்தின் மேல் கை வைத்தோம். வருகைப் பதிவிலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். என்ன விஷயம் என்று அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். அப்பா கோர்ட்டில்கூட சத்தியம் பண்ண மறுத்து, உறுதிமொழி மட்டும் கொடுத்தவர். நான் கை வைத்துவிட்டேன். வைத்த கையை எடுக்க எனக்குத் துணிவு கிடையாது. அதனால் உள்ளே பேசியதை நீ என்னிடம் கேட்காதே அக்கா.

உன் வீட்டு யோசனையைப் பற்றி நானும் செல்வராணியும் பேசினோம். இந்த வயதில் தனியாக விளைக்குள்ளே எதற்கு? கோயில் தெருவில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. கீழவிளையில் உன் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன். போன வருஷம் என்ன விலை போனதோ அந்த விலையைத் தருகிறேன். யோசித்து எழுது.

உன் முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். சூடாக்கித் தேய்க்கவும்.

அன்புத் தம்பி,
தேவபிரசாதம்

*

ஓசூர்
20.9.2024

தம்பி தேவபிரசாதத்துக்கு,

தோத்திரம். செல்வராணியின் காய்ச்சல் விட்டதா? அவளுக்கு என் அன்பு. தைலம் வந்தது. இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

ஆறாவது காரணம் வந்துவிட்டது. என் நிலம் உனக்கு வேண்டும்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தனியாக விளைக்குள்ளே எதற்கு என்று என் தம்பி அழுகிறான். கதவுக்குள்ளே இடம் வாங்குகிற பேச்சு நடக்கிறது. நீ அந்தக் கதவுக்குள்ளே இருக்கிறாய். வெளியே வந்து, போன வருஷத்து விலைக்கு அக்காவின் பங்கைக் கேட்கிறாய். இதைப் புரிந்துகொள்ளக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றிருக்க வேண்டியதில்லை. கீழவிளைப் பக்கம் பஸ் ஸ்டாண்டு வருகிறதா? சந்தை வருகிறதா? சத்தியத்தை அங்கே பண்ணிவிட்டு லாபத்தை இங்கே பார்க்கிறாயா?

கோயில் வராந்தாவில் சீட்டுப் போட்டுப் பாகம் பிரித்த நாள் எனக்கு மறக்கவில்லை. ரோட்டோரமாக மேற்குப் பங்கு உனக்கு விழுந்தது. உள்ளே தள்ளி இருக்கிற கிழக்குப் பங்கு எனக்கு. நான் ஒரு வார்த்தை பேசினேனா? உன் பங்கு ரோட்டில் இருக்கிறது, என் பங்கு அதற்குப் பின்னால் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே கிணறு. இப்போது முன்னும் பின்னும் சேர்த்து உனக்கு வேண்டும்.

விற்க மாட்டேன். எழுத்தில் சொல்லிவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள். எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். அது பொய், அதனால் எழுதவில்லை.

இப்படிக்கு,
ஞானபாய்
கீழவிளை கிழக்குப் பங்குக்காரி

*

ஓசூர்
4.11.2024

தம்பிக்கு,

தோத்திரம். நாற்பத்தைந்து நாள் ஆயிற்று, உன்னிடமிருந்து பதில் இல்லை. போன கடிதத்தைப் பதிவுத் தபாலில்தான் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்து என்னிடம் இருக்கிறது. கையெழுத்து உன்னுடையதுதான், ஆனால் கோணலாக இருக்கிறது. உடம்புக்கு ஏதாவதா? போன் பண்ணினால் செல்வராணி எடுத்து, 'அவாள் வெளிய போயிருக்காவ' என்கிறாள். ஏழு தடவை அடித்தேன், ஏழு தடவையும் நீ வெளியே போயிருக்கிறாய்.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பவுல் மேஸ்திரியிடம் நானே பேசிவிட்டேன். சாயர்புரத்தில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. "கவுன்சிலர் எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலியே" என்று அந்த மனுஷன் திகைத்துப் போனார். தை ஐந்தாம் தேதி வந்து கயிறு கட்டுவார். நம் சபை ஐயரிடம் ஜெபத்துக்கும் சொல்லியாயிற்று. நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஞானபாய்

*

தேரிவிளை
16.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. இரண்டையும் பலமுறை படித்தேன்.

வானம் தோண்டாதே அக்கா. ஒரு மூன்று மாதம் பொறு. ஏன் என்று கேட்காதே. சின்ன வயதில் கிணற்றில் நீச்சல் பழக்கும்போது, 'கையை விடு, நான் பிடிச்சிருக்கேன்' என்று நீ சொல்வாய், நான் விடுவேன். அது மாதிரி ஒரே ஒரு தடவை நீ என்னை நம்பு.

உன் நிலத்தின் மேல் எனக்கு ஆசை கிடையாது. இதற்கு மேல் எழுத முடியவில்லை.

சர்க்கரை கூடியிருக்கிறது. திருச்செந்தூரில் காட்டினேன், மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். செல்வராணி மூன்று வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. எது என்று நீ கேட்பாய். கேட்காதே.

இங்கே மழை நல்ல மழை. தேரி மணலில் நின்ற தண்ணீர் இரண்டு நாளில் உள்ளே இறங்கிவிட்டது. எல்லாம் நம் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

அன்புத் தம்பி,
தேவபிரசாதம்

*

ஓசூர்
6.1.2025

தம்பி தேவபிரசாதத்துக்கு,

தோத்திரம். உங்கள் குடும்பத்துக்குப் புதுவருஷ வாழ்த்து. நாங்கள் சுகம். உன் புது மாத்திரை ஒத்துக்கொண்டதா?

கேட்காதே, கேட்காதே என்று நீ எழுதியதால், உன்னைக் கேட்கவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் பேரூராட்சியையே கேட்டேன். நவம்பரில் மனுப் போட்டேன், கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பதில் வந்தது. விலைப் பேச்சு நடப்பதால் விவரம் தர இயலாது என்று ஒரு வரி. யாரோ ஒரு எழுத்தர் புண்ணியவான், அதோடு கூட்டப் பொருளின் நகலையும் வருகைப் பதிவின் நகலையும் சேர்த்து அனுப்பிவிட்டார். அவருக்குக் கர்த்தர் பதவி உயர்வு கொடுப்பாராக.

பொருள்: வளம் மீட்புப் பூங்கா அமைக்க இடம் வாங்குதல். பூங்கா என்றதும் பிள்ளைகள் ஊஞ்சல் ஆடும் என்று நினைக்க நான் என்ன பச்சைக் குழந்தையா? ஊர்க் குப்பை முழுவதையும் கொண்டு வந்து கொட்டித் தரம் பிரிக்கிற கிடங்கு. இடம்: சர்வே எண் 214/2ஏ. கிரய ஒப்பந்தப்படி உரிமை உடையவர்: ஜெயகணேஷ்.

அந்த ஜெயகணேஷ் நிலப் புரோக்கர், தலைவரின் மச்சினன். இது ஊருக்கே தெரியும். 214/2ஏ யாருடையது என்பது எனக்குத் தெரியும். என்னுடையது 214/2பி.

நீ என் நிலத்தை வாங்கப் பார்க்கிறாய் என்று மூன்று மாதமாகச் சந்தேகப்பட்டேன். உன் நிலத்தை நீ விற்றுவிட்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகப்படத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. அது போயிற்று. என் வாசற்படிக்கு முன்னால் ஊர்க் குப்பையைக் கொட்ட இடம் கொடுத்தவன் நீ. கோயிலில் மற்றவர்களுக்கெல்லாம் விளை ஓலை வாசிக்கிற செயலர், தன் விளைக்கு ஓலை வாசிக்காமல் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறாய்.

மூன்று கூட்டத்துக்கும் வருகைப் பதிவில் உன் கையெழுத்து இருக்கிறது. முதல் கூட்டத்தில் நேராக இருக்கிறது. மூன்றாவதில் கோணல். பொருள் என்ன என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவனுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வருஷ ஊதிய உயர்வு போயிருக்கும். உனக்கு அக்கா போயிற்று.

பாகப்பிரிவினைப் பத்திரம் என் பெட்டியில் இருக்கிறது. நடுக் கிணறும் வண்டிப் பாதையும் இரண்டு பேருக்கும் பொது, ஒருவர் சம்மதம் எழுத்தில் இல்லாமல் மற்றவர் விற்கக் கூடாது என்று ஏழாவது பத்தியில் தெளிவாக இருக்கிறது. நான் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன். மேஸ்திரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குப்பைமேட்டுக்குப் பின்னால் யார் வீடு கட்டுவார்கள்?

நேற்று ஜெனிலா இங்கே என் அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஞானபாய்

*

தேரிவிளை
19.1.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பயணம் செய்ய முடியுமா? இதை உபசாரத்துக்குக் கேட்கவில்லை.

கதவுக்குள்ளே பேசியதை இப்போதும் சொல்ல மாட்டேன். கதவுக்கு வெளியே நான் செய்ததைச் சொல்கிறேன். அதற்கு நான் யாரிடமும் சத்தியம் பண்ணவில்லை.

போன மே மாதம் ஜெயகணேஷ் என்னைத் தேடி வந்தான். "அண்ணாச்சி, ஒங்க ரோட்டோர எடத்துல புது பஸ் ஸ்டாண்டு வரப்போவுது. இப்பமே எனக்கு எழுதிக் குடுத்தா நல்ல வெல தாரேன். வெளிய மூச்சு விடாதீய" என்றான். எனக்கு ஆசை வந்துவிட்டது. உன்னிடம் சொன்னால் உன் சம்மதம் வேண்டும், ஓலை வாசிக்க வேண்டும், ஊருக்குத் தெரிந்துவிடும். சொல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணம் வாங்கினேன். ஜூனில்தான் கூட்டம். கை வைத்த பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. என்ன தெரிய வந்தது என்று நான் எழுதவில்லை. உன்னிடம் நகல் இருக்கிறது.

ஜூலையில் நீ வீடு கட்டுகிறேன் என்று எழுதினாய். உன் பங்கை நான் கேட்டது ஆசைப்பட்டு அல்ல, நீ அங்கே குடிவந்துவிடக் கூடாதே என்றுதான். எப்படியாவது உன்னை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டால் போதும் என்று இருந்தது. நான் ஓநாய்தான். ஆனால் அழுதது நிஜம்.

நானாகப் பின்வாங்கினால் ஜெயகணேஷ் கோர்ட்டுக்குப் போவான். ஆனால் பங்காளி தடை சொன்னால் ஒப்பந்தம் செல்லாது, முன்பணத்தைத் திருப்பினால் போதும் என்று அவனே ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான். எல்லாப் பத்திரத்திலும் போடுகிற வரி. அவன் படித்துப் போட்டிருக்க மாட்டான்.

இன்று ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது விளை ஓலை வாசித்தேன். "தேவபிரசாதம் ஆகிய நான், கீழவிளையில் சர்வே எண் 214/2ஏ, எனக்குப் பாத்தியப்பட்ட நிலத்தை, ஜெயகணேஷ் என்பவருக்கு விற்க ஒப்பந்தம் செய்திருக்கிறேன். தடை உள்ளவர்கள் மூன்றாம் வாசிப்புக்குள் எழுந்து சொல்லலாம். இது முதல் வாசிப்பு." என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஐயர், "கேக்கலைங்க, இன்னொரு தடவ வாசிங்க" என்றார். இன்னொரு தடவை வாசித்தேன். ஜெயகணேஷ் பெயரைக் கேட்டதும் கோயிலுக்குள் ஒரே முணுமுணுப்பு. சபையிலிருக்கிற கவுன்சிலர் ஜெபசிங் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் இசக்கியப்பன் அண்ணாச்சி நின்றார். அவர் எதற்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு வந்தார் என்று உனக்குத்தான் தெரியும்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. வந்து தடை சொல் அக்கா.

தேவபிரசாதம்

*

ஓசூர்
23.1.2025

தம்பிக்கு,

தோத்திரம். முழங்கால் வலிக்கிறது. ஆனாலும் வருகிறேன். மூன்றாம் வாசிப்புக்கு, பிப்ரவரி இரண்டாம் தேதி. ஜெனிலா டிக்கெட் எடுத்துவிட்டாள். உன் வீட்டில் தங்க மாட்டேன். சாத்தான்குளத்தில் அத்தானின் தங்கை அல்போன்சா வீட்டில் இருந்து காரில் வருவேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நம்பலாம் போலத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. நான் வீடு கட்டுகிறேன் என்று எழுதாமல் இருந்திருந்தால், இந்த ஓலையை நீ வாசித்திருப்பாயா? பதில் எழுத்தில் வேண்டும். நான் கிளம்புவதற்குள் வேண்டும்.

ஞானபாய்

*

தேரிவிளை
27.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தோத்திரம். ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: வாசித்திருக்க மாட்டேன்.

இரண்டாம் வாசிப்பு நேற்று முடிந்தது. இந்தத் தடவை ஐயர் மறுபடி வாசிக்கச் சொல்லவில்லை. தலைவர் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். உள்ளே பேசியது எதையும் நான் வெளியே சொல்லவில்லை, என் நிலத்தைப் பற்றி என் கோயிலில் வாசித்தேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த தேர்தலில் எனக்கு வார்டு கிடையாது. செல்வராணி பேச ஆரம்பித்துவிட்டாள். பெண்கள் பக்கம் முன்பெஞ்சில் உனக்கு இடம் பிடித்து வைப்பாளாம்.

முறை உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் முறை வாசித்து, தடை உண்டா என்று கேட்பேன். நீ எழுந்து நிற்க வேண்டும். தடை சொல்கிறவர் பெயர் என்ன என்று கேட்பேன். காரணம் கேட்பேன். கிணறு பொது என்று சொல்லு, போதும். கடைசியாக, விற்கிறவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்க வேண்டும். சபைப் பேரேட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. நீ சொல்வதை எழுதி, உன்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

மற்ற எதற்கும் எனக்குப் பயமில்லை. இவ்வளவுக்குப் பிறகு அந்தக் கட்டத்துக்கு நீ என்ன சொல்வாய் என்றுதான் பயமாக இருக்கிறது.

தேவபிரசாதம்

*

ஓசூர்
8.2.2025

அன்புத் தம்பி தேவபிரசாதத்துக்கு,

தோத்திரம். புதன்கிழமை காலையில் சுகமாக வந்து சேர்ந்தேன். முழங்கால் வீங்கியிருக்கிறது. உன் தைலத்தின் மூடியைத் திறந்துவிட்டேன். வாடை சகிக்கவில்லை, வலி கேட்கிறது.

கோயில் வாசலில் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிவிட்டேன் என்று செல்வராணி போனில் வருத்தப்பட்டாள். பேசினால் அழுதிருப்பேன். அல்போன்சா முன்னால் அழ எனக்கு இஷ்டமில்லை. நீ அனுப்பிய ஒப்பந்த நகலும், முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த ரசீதின் நகலும் கிடைத்தன. ஜெயகணேஷ் கையெழுத்தை ஒப்பந்த நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. குப்பைக் கிடங்குக்கு வேறு இடம் தேடுகிறார்கள் என்று இசக்கியப்பன் அண்ணாச்சி சொன்னார். இந்தத் தடவை சன்னல் திறந்திருக்கிறதாம். நான் நம்பவில்லை. போய்ப் பார்த்து எழுது.

மாசி கடைசியில் வானம் தோண்ட வேண்டும். பவுல் மேஸ்திரியிடம் நீ பேசு. அதற்கு முன்னால் கிணற்றைத் தூர் வாரு, செலவில் பாதி என்னுடையது.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. உறவு என்ன என்று நீ கேட்டாய். நான் பதில் சொல்லவே இல்லை. சபையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஐயர் ஜெபத்துக்கு எழுந்துவிட்டார். நீ பேரேட்டை என் பக்கம் தள்ளினாய், நான் கையெழுத்துப் போட்டேன். பெயர், காரணம் இரண்டும் அப்போது எழுதியவை, மை ஈரமாக இருந்தது, என் விரலில்கூட ஒட்டிக்கொண்டது. உறவுக் கட்டத்தில் 'அக்கா' என்று இருந்தது. அதில் மை நன்றாகக் காய்ந்திருந்தது. முந்தின நாளே எழுதிவிட்டாய்.

மனுதாரர் வாய் திறக்குமுன் நிரப்பி வைத்த படிவத்தில் முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நான் கையெழுத்து வைத்ததில்லை. இதில் வைத்தேன்.

சர்க்கரை எவ்வளவு? எண்ணை எழுது.

உன் அக்கா,
ஞானபாய்